நான்கு சாலை, ஒரே முடிச்சு

கொடைக்கானலுக்கு மாற்றுவழிகள் உண்டு. அவை உண்மையிலேயே தனித்தனி வழிகளா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் என்றால் டெல்டாவில் வேரோடு சாய்ந்த தென்னைகளும், ஒரு லட்சத்துக்கும் மேல் விழுந்த மின்கம்பங்களும்தான் நினைவுக்கு வரும். அது நியாயமே. ஆனால் அந்தப் புயல் டெல்டாவோடு நின்றுவிடவில்லை. உள்மாவட்டங்களைக் கடந்து திண்டுக்கல் வழியாகப் பழனி மலைத்தொடரின் மேல் ஏறியது. கடலிலிருந்து வெகுதொலைவில், ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் மரங்கள் முறிந்து சாலையிலும் மின்கம்பிகளிலும் விழுந்தன. மண் சரிந்து மலைச்சாலைகள் அடைபட்டன. மின்சாரம் போனது, அதைத் தொடர்ந்து செல்போன்களும் அடங்கின. கரையோர மாவட்டங்களுக்குப் புயல் பழக்கப்பட்ட பகை. அங்கே முகாம்களும் ஒத்திகைகளும் உண்டு. மலை ஊரோ புயலைத் தன் கணக்கிலேயே எழுதி வைத்திருக்கவில்லை.

அந்த நாட்களில் என்னென்ன கெட்டன என்பதைவிட, எந்த வரிசையில் கெட்டன என்பதில்தான் பாடம் இருக்கிறது. அறுந்த மின்கம்பியைச் சரிசெய்ய ஆட்களும் கம்பங்களும் மேலே வர வேண்டும். அதற்குச் சாலை திறக்க வேண்டும். சாலையைத் திறக்க எந்த வளைவில் மரம் கிடக்கிறது, எங்கே மண் சரிந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குத் தொலைபேசி வேண்டும். செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் இல்லாவிட்டால் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் வர மறுபடியும் சாலை வேண்டும். நெடுஞ்சாலைத் துறையின் ஏட்டில் சாலை இருக்கிறது, மின்வாரியத்தின் ஏட்டில் கம்பி இருக்கிறது, நகராட்சியின் ஏட்டில் குடிநீர் இருக்கிறது. இந்த வட்டம் மட்டும் யாருடைய ஏட்டிலும் இல்லை. நாட்டின் உயிர்நாடிக் கட்டமைப்புகளுக்கு ஒவ்வொன்றாகக் காவல் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த வட்டத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள். அவை எங்கே ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன என்று கண்டு, அந்தச் சாய்வைக் குறைப்பதே இடர் மேலாண்மையின் முதல் வேலை. இதை விளக்கப் பழனி மலையைவிடத் தெளிவான இடம் தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது.

பட்டியலுக்குள் வராத மலை

உயிர்நாடிக் கட்டமைப்புகளைக் காக்கும் அக்கறை இந்திய அரசுக்கு இல்லாமல் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70ஏ பிரிவின்கீழ் 2014 ஜனவரியில் இதற்கென ஒரு தேசிய மையம் அமைக்கப்பட்டது. மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு, போக்குவரத்து போன்ற துறைகளின் கணினி அமைப்புகளைக் காப்பது அதன் பொறுப்பு. இயற்கைச் சீற்றங்களுக்கு 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் மேடையில், பேரிடர் தாங்கும் உள்கட்டமைப்புக்கான பன்னாட்டுக் கூட்டணி ஒன்றை இந்தியாவே தொடங்கி வைத்தது. அதன் தலைமையகம் புதுடெல்லியில் இருக்கிறது. ஆனால் இத்தகைய ஏற்பாடுகள் பெரும்பாலும் பெரியவற்றைத் தேடிப் பிடிப்பவை. அணுமின் நிலையம், துறைமுகம், தேசிய மின்தொகுப்பு, பங்குச்சந்தை ஆகியவை எளிதில் பட்டியலுக்குள் வரும். 2011 கணக்கெடுப்பில் 36,501 பேர் வாழ்ந்த ஒரு மலை நகராட்சி எந்த அளவுகோலிலும் மேலே வராது.

அளவை வைத்து முக்கியத்துவத்தை முடிவு செய்வதில் ஒரு பிழை இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2006ல் வெளியிட்ட தேசியத் திட்டம் முதல் இன்று பல நாடுகள் கையாளும் முறை வரை, இடரை மூன்று கேள்விகளாகப் பிரிக்கிறார்கள். எது தாக்கக்கூடும்? தாக்கினால் எவ்வளவு எளிதில் உடையும்? உடைந்தால் விளைவு எவ்வளவு தூரம் பரவும்? பொருளின் விலைக்கு இந்த மூன்றில் நேரடி இடமே இல்லை. சில லட்சம் ரூபாய் பெறும் ஒரு சிறுபாலம் உடைந்தால் ஒரு மலை முழுவதும் துண்டிக்கப்படும் என்றால், மூன்றாவது கேள்வியில் அது பல கோடி ரூபாய்க் கட்டடங்களை முந்திவிடும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டதும் முண்டக்கை துண்டிக்கப்பட்டது. மீட்புக் குழுவினர் கண்ணெதிரே ஊர் இருந்தும் கனரக இயந்திரங்களை அக்கரைக்குக் கொண்டுபோக முடியவில்லை. ராணுவத்தின் மெட்ராஸ் பொறியியல் படைப்பிரிவு 190 அடி பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் கட்டி முடித்த பிறகே பெரிய இயந்திரங்கள் கடந்தன. சூரல்மலைப் பாலத்தின் இடத்தை அன்றுவரை எந்த தேசியப் பட்டியலிலும் தேடியிருந்தால் கிடைத்திருக்காது.

தனித்திருந்ததால் தப்பியவை

மாற்று ஏற்பாடு இருப்பது வேறு, அந்த மாற்று முதலாவதோடு சேர்ந்து கெடாமல் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை இந்தியா மிகப் பெரிய அளவில் ஒருமுறை பார்த்திருக்கிறது. 2012 ஜூலை 30 அன்று வட இந்தியாவும், அடுத்த நாள் அதோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து இருளில் மூழ்கின. 60 கோடிப் பேர் வாழும் பகுதி அது. தொடக்கம் பீனா–குவாலியர் இடையேயான 400 கிலோவோல்ட் மின்பாதையில். அந்தத் தடத்தின் ஒரு மின்சுற்று மேம்பாட்டுப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. எஞ்சியது சுமை தாங்காமல் துண்டித்துக்கொண்டது. அதன் சுமை வேறு பாதைகள் மேல் ஏற, அவையும் அடுத்தடுத்து விழுந்தன. காகிதத்தில் மாற்றுப்பாதைகள் பல இருந்தன. ஆனால் ஒன்று விழுந்தால் அதன் பாரம் மற்றவற்றின் மேல் ஏறும்படிதான் அவை அமைந்திருந்தன. அன்று தமிழ்நாடு இருளாகாமல் தப்பியதற்கு நம் மின்வாரியத்தின் திறமை காரணமல்ல. தென்னகத் தொகுப்பு அப்போது வடக்கோடு ஒத்தியங்கும்படி இணைக்கப்பட்டிருக்கவில்லை. 2013 டிசம்பர் இறுதியில் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத்தான் அந்த இணைப்பு வந்தது. அதனால் மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் நன்மை கிடைத்தது. தனித்திருந்ததால் கிடைத்த காப்பு போனது.

கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் இதே தர்க்கம் வேறு உருவில் வந்தது. அங்கே நிர்வாகப் பணிக்கான இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் தீங்கு மென்பொருள் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. அணு உலைகளின் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த வலையிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் அது தொடப்படவில்லை என்றும் கழகம் கூறியது. நுழைந்தவரைத் தடுக்கத் தவறிய இடத்திலும் பிரிவினை வேலை செய்தது. மதில் எவ்வளவு உயரம் என்பதோடு, உள்ளே அறைகள் தனித்தனியாக இருக்கின்றனவா என்றும் கேட்பதுதான் இடர் மேலாண்மை.

பழனியில் இருக்கும் பாடம்

இந்தப் பிரிவினையின் நல்ல உதாரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், தண்டாயுதபாணி சுவாமி கோயிலில் அது நாள்தோறும் இயங்குகிறது. மேலே செல்லப் படிப்பாதை இருக்கிறது, 693 படிகள். யானைப்பாதை இருக்கிறது. 1966 முதல் இழுவை ரயில், அதாவது ஊரார் சொல்லும் வின்ச், ஓடுகிறது. 2004 முதல் ரோப் கார் இயங்குகிறது. இந்த நான்கும் வெவ்வேறு தடங்களில் ஏறுகின்றன, வெவ்வேறு விதமாக இயங்குகின்றன. காற்று பலமாக வீசினால் ரோப் கார் நிற்கும், வின்ச் ஓடும். மின்சாரமே போனாலும் படியும் யானைப்பாதையும் இருக்கும். தைப்பூசக் கூட்டத்தில் எந்த ஒரு வழி அடைபட்டாலும் மலை துண்டிக்கப்படுவதில்லை.

அதைவிடக் கவனிக்க வேண்டியது பராமரிப்பு முறை. ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய ஒரு மாதம் ரோப் கார் நிறுத்தப்படுகிறது. வடக்கயிறும் உருளைகளும் பிரித்துப் பார்க்கப்பட்டு, தேய்ந்தவை மாற்றப்பட்டு, பெட்டிகளில் பாரம் ஏற்றிச் சோதனை ஓட்டம் நடத்திய பிறகே பக்தர்கள் அனுமதிக்கப்படுகிறார்கள். ஒரு மாத வருமானம் போவது தெரிந்தும், பக்தர்களுக்கு வருத்தம் என்று தெரிந்தும் இதைச் செய்ய முடிகிறது; ஏனென்றால் நிறுத்தினாலும் மேலே செல்ல வேறு வழி உண்டு. தனித்த மாற்று என்பது விபத்து நாளுக்கான காப்பு மட்டுமல்ல. சாதாரண நாளில் ஒன்றை நிறுத்திப் பழுது பார்க்கும் சுதந்திரத்தையும் அதுவே தருகிறது. நிறுத்தவே முடியாத கட்டமைப்பைப் பழுதுபார்க்கவும் முடியாது.

பெருமாள்மலையில் கூடும் சாலைகள்

இதே அளவுகோலைக் கொடைக்கானல் சாலைகளில் வைத்துப் பார்க்கலாம். வத்தலக்குண்டிலிருந்து வரும் பழைய மலைச்சாலை ஒன்று. பழனியிலிருந்து சவரிக்காடு வழியாக ஏறும் சாலை இன்னொன்று. தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாக வந்து ஊத்து அருகே வத்தலக்குண்டு சாலையில் சேரும் பாதை மூன்றாவது. பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாக ஏறும் குறுகலான சாலை நான்காவது. ஒன்று அடைபட்டால் இன்னொன்று என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதிகாரிகள் ஆறுதல் சொல்வது இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். ஆனால் நான்கும் பெருமாள்மலைப் பக்கம் வந்து கூடுகின்றன. அங்கிருந்து கொடைக்கானல் வரை உள்ள பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பேருந்தும் லாரியும் நம்பியிருப்பது ஒரே சாலையை. நான்கு பைகளை ஒரே ஆணியில் மாட்டிவிட்டு நான்கு இடத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறோம் என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

அந்த ஒற்றைச் சாலையின் நடுவில்தான் வெள்ளி அருவி இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது படம் எடுக்கும் இடம். பொறியாளர் பார்வையில் அது மேலேயுள்ள நட்சத்திர ஏரியின் உபரிநீர் சாலையைக் கடக்கும் இடம். 1863ல் மதுரை ஆட்சியராக இருந்த வியர் லெவிங்கே அணை போட்டு உருவாக்கிய ஏரி அது. அன்று அதைச் சுற்றிப் புல்வெளியும் சோலைக்காடும் இருந்தன. பெய்த மழையை அவை உறிஞ்சி மெதுவாக விட்டன. இன்று ஏரியைச் சுற்றிய சரிவுகளில் கட்டடங்களும் தார்ச்சாலைகளும் இருக்கின்றன. மழை பெய்த வேகத்திலேயே நீர் கீழே இறங்குகிறது. ஆக, நகரத்துக்குள் ஒரு விடுதிக்கு விதியைத் தளர்த்துவது நகரமைப்புத் துறையின் தனி விவகாரம் அல்ல. பல கிலோமீட்டர் கீழே ஒரே சாலையின் சிறுபாலத்துக்குக் கூடுதல் சுமை ஏற்றும் முடிவும் அதுதான். அப்படி விதி தளர்த்தப்பட்ட பிளசன்ட் ஸ்டே விடுதியின் வழக்கு தமிழக அரசியலில் முதலமைச்சர் ஒருவரின் பெயரோடு சேர்த்து நினைவுகூரப்படுகிறது. 1985ல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் குழு அந்தக் கட்டடத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றபோது கேட்ட அடிப்படைக் கேள்வியோ இதுதான்: ஒரு சரிவு எவ்வளவு தாங்கும்?

பெருமாள்மலையைத் தொடாத பாதை ஒன்று ஒருகாலத்தில் இருந்தது. கொடைக்கானலிலிருந்து மேற்கே பேரிஜம், வந்தரவு வழியாக டாப் ஸ்டேஷன் சென்று மூணாற்றை அடையும் தடம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரைப்பாதையாக இருந்ததை, ஜப்பானியத் தாக்குதல் பற்றிய அச்சம் மிகுந்திருந்த 1942ல் ஆங்கிலேய அரசு மேம்படுத்தியது. சென்னைப் பக்கம் ஆபத்து வந்தால் மலை வழியாகக் கொச்சிக்குத் தப்பிச் செல்வது திட்டம். அதனால்தான் அதற்கு எஸ்கேப் ரோடு என்று பெயர். 1990ல் அது பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. தம் மக்களுக்காகவே போட்டது என்றாலும், அன்றைய ஆட்சியாளர்கள் ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தார்கள்: வந்த வழி அடைபட்டால், அதோடு சேராத வழி எது?

மலையிலிருந்து இறங்கும் விளைவுகள்

சில ஆயிரம் பேரின் வசதிக்காக இவ்வளவு கவலையா என்று கேட்பவர்கள் உண்டு. இடர் மலையோடு நின்றால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கும். ஆனால் பழனி மலை தன்னைச் சுற்றியுள்ள சமவெளியின் தண்ணீர்த் தொட்டி. வடசரிவின் ஓடைகள் பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பாலாறு–பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, பரப்பலாறு அணைகளுக்குப் போகின்றன. தென்சரிவில் மஞ்சளாறு, மருதாநதி, 126 அடி உயரச் சோத்துப்பாறை அணைகள் இருக்கின்றன. பேரிஜம் ஏரியின் நீர் பெரியகுளத்தின் குடிநீரோடு தொடர்புடையது. மலைமேல் இருக்கும் வானொலிக் கோபுரத்திலிருந்து கொடை பண்பலையின் 100.5 அலைவரிசை தென்மாவட்டங்கள் பலவற்றுக்கும், கடல் தாண்டி இலங்கையின் வடபகுதிக்கும் கேட்கிறது. செல்போன் செத்துப்போன புயல் நாளில் பேட்டரி ரேடியோவுக்குச் செய்தி கொண்டுபோகக்கூடியது அதுதான். மலையில் கெடுவது மலையோடு முடிவதில்லை.

விளைவுகள் இப்படி மலையிலிருந்து இறங்குவதை யாரும் ஏட்டில் எழுதாததன் விலை என்ன என்பதைப் பாதரசம் காட்டிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை, 1987ல் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்திடம் வந்து, பழைய சாமான் கிடங்கில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு 2001ல் மூடப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் வாதாடியது. 2016ல் 591 முன்னாள் தொழிலாளர் தரப்போடு உடன்பாடு செய்துகொண்டது. தொழிலாளர்களின் துயரம் பெரிது, அதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது இடம். ஆலை நின்றது பாம்பாறு சோலையின் மேல்சரிவில். பாம்பாறு இறங்குவது கும்பக்கரை அருவிக்கும் பெரியகுளம் சமவெளிக்கும். தொழில் உரிமம் கொடுத்தவர்கள் ஒரு ஆலையைப் பார்த்தார்கள்; அது ஒரு நீர்ப்பிடிப்பின் உச்சியில் இருக்கிறது என்பதைப் பார்க்கும் கடமை யாருக்கும் தரப்பட்டிருக்கவில்லை.

எதிர்க் கேள்விகள்

முதல் எதிர்ப்பு நடைமுறை சார்ந்தது. ஒரு சாலை போதாதென்றால் இன்னொன்று போடுங்கள், மூணாறு பாதையைத் திறந்துவிடுங்கள் என்கிறார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தத் தீர்வு, இடரைக் குறைப்பதற்குப் பதில் இடம் மாற்றிவிடும். மலைச்சாலை என்பது சரிவின் காலை வெட்டி அமைப்பது. வெட்டிய ஒவ்வொரு சரிவும் புதிதாகச் சரியக்கூடிய சரிவு. மூணாறு தடம் போகும் காடு, தமிழகப் பக்கம் 2013ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். கேரளப் பக்கம் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. அங்கே மிச்சமிருக்கும் சோலைகளும் புல்வெளிகளும்தான் மேலே சொன்ன அணைகளுக்கு நீரைப் பிடித்து வைத்து விடுபவை. அவற்றைச் சுற்றுலா வண்டிகளுக்குத் திறப்பது, சாலையைக் காக்கத் தண்ணீரை அடகு வைப்பதாகும். அந்தத் தடத்தை வனத்துறையின் ஜீப்பும் ஆம்புலன்சும் அவசரத்தில் மட்டும் போகும் நிலையில், பூட்டிய கதவோடு, இரு மாநில ஒப்புதலோடு வைத்திருக்கலாம். பெருமாள்மலை முதல் நகரம் வரையிலான துண்டில் செலவிடும் பணம் அதைவிட அதிகமாகப் பலன் தரும்: அகலமான சிறுபாலங்கள், தண்ணீர் வெளியேறும் துளைகள் அடைபடாத தடுப்புச்சுவர்கள், மழைக்கு முன் தூர்வாரிய வடிகால்கள், இரு முனைகளிலும் நிறுத்தி வைத்த ஜேசிபியும் மரம் அறுக்கும் ரம்பமும்.

இரண்டாவது எதிர்ப்பு அறிவு சார்ந்தது, அது வலுவானதும்கூட. எந்தப் புயல் எப்போது வரும், எந்தச் சரிவு எப்போது இறங்கும் என்று தெரியாதபோது, இடரை எண்ணால் பெருக்கி வரிசைப்படுத்துவது போலித் துல்லியம் என்பார்கள். இதில் உண்மை உண்டு. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2010ல் செய்த மதிப்பீட்டிலேயே, இயற்கைச் சீற்றங்களுக்கு இந்த முறை தேறினாலும் பயங்கரவாதம் போன்ற, மனிதர் திட்டமிட்டுச் செய்யும் தாக்குதல்களுக்கு அதே பெருக்கலை நம்ப முடியாது என்ற கருத்து வந்தது. ஆனால் முடிச்சைத் தேடுவதற்குத் தேதியும் நிகழ்தகவும் தேவையில்லை. பெருமாள்மலைச் சாலை அடைபடப் புயல் காரணமா, நிலச்சரிவா, காட்டுத்தீயா, கவிழ்ந்த டேங்கர் லாரியா என்பதைப் பற்றிக் கவலைப்படாமலே, அடைபட்டால் எட்டு மணி நேரத்தில் என்ன தீரும், இரண்டு நாளில் என்ன தீரும் என்று கணக்கிடலாம். காரணத்தை முன்னறிவது கடினம். விளைவை முன்னறிவது எளிது. காரணங்களைப் பற்றியும் நாம் முழு இருளில் இல்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899ல் நிறுவப்பட்டது முதல் அங்கே நூறாண்டுக்கும் மேலான வானிலைப் பதிவு இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2014 முதல் நாடு முழுவதும் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்களைத் தயாரித்திருக்கிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சரிவுகளும், 2024 செப்டம்பரில் கொடைக்கானலின் மேல்மலைக் கிராமமான கிளாவரைப் பக்கம் வனத்துக்குள் நிலம் நீளமாகப் பிளந்ததும் எச்சரிக்கைகளே. மழைப் பதிவையும் சரிவு வரைபடத்தையும் சாலையின் திறப்பு நேரத்தோடு இணைத்து, இத்தனை மணி நேரத்தில் இத்தனை மில்லிமீட்டர் பெய்தால் இந்த வளைவுக்கு மேல் வண்டி விடுவதில்லை என்று எழுதி வைப்பதுதான் இன்னும் நடக்காதது.

மூன்றாவது எதிர்ப்பு வயிறு சார்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கியது. அதன்பின் 2025 ஏப்ரல் 1 முதல், கோடைப் பருவத்துக்குக் கொடைக்கானலில் வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தது. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் அதில் விலக்கு உண்டு. விடுதி நடத்துபவர்களும் டாக்ஸி ஓட்டுபவர்களும் கடை வைத்திருப்பவர்களும் இதை எதிர்த்ததில் வியப்பில்லை. மூன்று மாத வருமானத்தில் ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்கள் அவர்கள். ஆனால் ஒரே ஒரு சாலைக்கு வண்டி நெரிசல் என்பது நிலச்சரிவைப் போலவே ஓர் அடைப்பு. கொடைக்கானல் அரசு மருத்துவமனையிலிருந்து தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ அனுப்பப்படும் நோயாளிக்கு, முன்னால் கிடப்பது பாறையா, வரிசையில் நிற்கும் கார்களா என்பதில் வேறுபாடில்லை. இ-பாஸ் முறையின் பெரிய பயனை இரு தரப்புமே இன்னும் பேசவில்லை. எந்த நாளில் எத்தனை வண்டி மலைமேல் ஏறியது என்ற கணக்கு அதனால் அரசின் கையில் இருக்கிறது. பேரிடர் நாளில் எத்தனை பேருக்குச் சோறும் தண்ணீரும் வேண்டும், எத்தனை பேரை இறக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கணக்குத்தான் தொடக்கம். குறைகூற வேண்டியது வரம்பு இருப்பதை அல்ல, அது அசையாமல் இருப்பதை. வெயில் அடிக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் கனமழை எச்சரிக்கை வந்த செவ்வாய்க்கிழமைக்கும் ஒரே எண் பொருந்தாது. மழை எச்சரிக்கையின்போது குறையவும், வானம் தெளிந்தால் கூடவும் செய்தால், வியாபாரிகளின் மொத்த இழப்பு குறையும், காப்பும் மிஞ்சும்.

யார் கையெழுத்து?

ஆகவே செய்ய வேண்டியவை பெரிய செலவுள்ள வேலைகள் அல்ல. முதலாவது, சாலை, மின்சாரம், தொலைத்தொடர்பு, குடிநீர், மருத்துவம் ஐந்தையும் ஒரே தாளில் வரைந்து, ஒன்று நின்றால் எது எத்தனை மணி நேரத்தில் நிற்கும் என்று எழுதுவது. மலைக்கு ஏறும் மின்பாதைகள் ஒரே சரிவில் ஏறுகின்றனவா, கண்ணாடியிழை கேபிள்கள் எல்லாம் அதே ஒற்றைச் சாலையின் ஓரத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கின்றனவா, மனோரத்தினம் சோலை அணையிலிருந்து வரும் நீர் மின்சாரம் இல்லாமல் எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேரும், மருத்துவமனை ஜெனரேட்டரில் எத்தனை நாள் டீசல் இருக்கும் என்பவை அந்தத் தாள் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். இரண்டாவது, தனித்த மாற்றுகளைத் தேடுவது: மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் சூரிய மின்கலம், மேல்மலைக் கிராமங்களான பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கிளாவரைக்கு வயர்லெஸ் கருவி, மழைக்காலம் முழுவதற்கும் அங்கேயே இருப்பு வைத்த அரிசியும் மருந்தும். இவை எவையும் பெருமாள்மலையை நம்பியிருப்பவை அல்ல. மூன்றாவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒரு நாள், அறிவித்துவிட்டு, சில மணி நேரம் அந்தச் சாலையை அடைத்து, மின்சாரத்தை நிறுத்தி, தாளில் எழுதியது உண்மையா என்று பார்ப்பது. கோயில் நிர்வாகம் ஒரு மாதம் ரோப் காரை நிறுத்த முடிகிறது என்றால், மாவட்ட நிர்வாகத்தால் அரை நாள் முடியாதா?

பலவீனங்களை இப்படி எழுதி வைப்பது தீயவர்களுக்கு வழிகாட்டும் என்ற அச்சம் பெருநகர மின்நிலையங்களுக்குப் பொருந்தலாம். அங்கே பட்டியலைப் பூட்டி வைப்பது சரி. மலையில் முதல் எதிரி மழை. அது எந்த அறிக்கையையும் படித்துவிட்டு வருவதில்லை. அதனால் இங்கே முடிச்சுகள் எவை என்பது ஓட்டுநருக்கும், விடுதிக்காரருக்கும், பூண்டு விளைவிக்கும் மேல்மலை விவசாயிக்கும் தெரிந்திருப்பதே காப்பு. மறைத்து வைத்த திட்டம் அலமாரியில் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான்.

மிஞ்சியிருப்பது பொறுப்பு. நெடுஞ்சாலைத் துறையும், மின்வாரியமும், நகராட்சியும், வனத்துறையும் தத்தம் எல்லைக்குள் ஒழுங்காக வேலை செய்தாலும், எல்லைகள் சந்திக்கும் இடத்துக்கு யாரும் கையெழுத்திடுவதில்லை. இதற்குப் புதிய ஆணையமோ புதிய சட்டமோ வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்ட ஆணையத்தை உருவாக்கி, ஒவ்வொரு துறையும் மாவட்ட அளவில் தன் பேரிடர்த் திட்டத்தைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது. அந்தத் திட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்காமல் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் அதிகாரம் திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் இப்போதே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும்படி கேட்கும் உரிமை, அந்தச் சாலையை நம்பி வாழும் எல்லோருக்கும் உண்டு.